விதானமா, கூரையா? தலைக்கு மேலுள்ள சொற்கள் பற்றி ஒரு திறனாய்வு

வெளி மாநிலத் தமிழ்ச் சங்கங்களில் ஞாயிறு வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களை அடிக்கடி திணறடிக்கும் கேள்விகள் பெரிய இலக்கணக் கேள்விகள் அல்ல. வீட்டுப் பொருள்களின் பெயர்களே. படத்தில் ஓர் அறையைக் காட்டி, "இது சுவர், இது தரை, இது சன்னல்" என்று சொல்லிக்கொண்டே வரும்போது ஒரு பிள்ளை மேலே கையைக் காட்டி, "சீலிங்குக்குத் தமிழ்ல என்ன சார்?" என்று கேட்டுவிடும். ஒருவர் 'கூரை' என்பார். இன்னொருவர், 'கூரை வெளியே இருப்பதல்லவா, உட்கூரை என்று சொல்லுங்கள்' என்பார். நூல் படித்தவர் 'விதானம்' என்பார். நெல்லையிலிருந்து வந்த பாட்டி, 'நாங்க மச்சும்போம்' என்று முடிப்பார். பிள்ளை நான்கையும் கேட்டுவிட்டு மறுபடியும் 'சீலிங்' என்றே சொல்லப் போய்விடும்.

நான்கு பேரும் தவறு சொல்லவில்லை. ஆனால் நான்கும் ஒரு பொருளைக் குறிக்கும் நான்கு பெயர்கள் அல்ல என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். தமிழன் கட்டிய வீடுகள் பலவகை. ஒவ்வொரு வகை வீட்டிலும் அண்ணாந்து பார்த்தால் தெரிந்தது வேறு வேறு. தெரிந்ததற்கு ஏற்பப் பெயர் வந்தது. ஆங்கிலச் சொல் ஒன்றை இடப்பக்கம் எழுதி, வலப்பக்கம் ஒரு தமிழ்ச் சொல்லை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணும் அகராதி மனப்பான்மையால் இந்த வேறுபாடுகள் மறைந்துபோகின்றன. அதனால் விளையும் குழப்பம் சொல்லோடு நிற்பதில்லை. செய்தித்தாள் வரையும், சட்டம் வரையும் போகிறது.

கூரை: காப்பது, எரிவது

முதலில் 'கூரை'யை எடுத்துக்கொள்வோம். 'கூரை வீடு' என்றால் நம் பேச்சில் என்ன பொருள்? கூரை உள்ள வீடு என்று பொருளில்லை. எல்லா வீட்டுக்கும்தான் கூரை உண்டு. கீற்று, வைக்கோல், புல், பனையோலை வேய்ந்த வீடு என்றே பொருள். மற்றவை ஓட்டு வீடு, மச்சு வீடு, மாடி வீடு, இப்போது கான்கிரீட் வீடு. ஆகவே பேச்சுத் தமிழில் கூரை என்றால் நெஞ்சில் முதலில் எழுவது வேய்ந்த கூரைதான். "கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போவானா" என்ற பழமொழியில் வருவதும் கை எட்டும் உயரத்திலுள்ள அந்தத் தாழ்ந்த கூரையே. (திருமணத்துக்குக் கட்டும் 'கூறைப் புடவை' வேறு. அது வல்லின றகரம். கூறை என்றால் ஆடை. மயிலாடுதுறையை ஒட்டிய கூறைநாடு நெசவுக்குப் பெயர் பெற்றது. பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வதைப் பார்க்கிறோம்.)

வேய்தல் என்ற வினை மிகப் பழமையானது. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, ஈந்தின் இலையால் வேய்ந்த எயினர் குடிலை முள்ளம்பன்றியின் முதுகுக்கு ஒப்பிடுகிறது. அதே வினையைத்தான் தில்லையில் பொன்னுக்கும் பயன்படுத்தினார்கள். சிற்றம்பலத்தைப் பொன் வேய்ந்தவன் என்பது முதலாம் பராந்தக சோழனுக்குரிய புகழ். புல்லாக இருந்தாலும் பொன்னாக இருந்தாலும் தமிழில் கூரையை 'வேய்கிறோம்'. அந்தப் பொற்கூரையில் 21,600 ஓடுகள் என்றும், அவை மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் எண்ணிக்கை என்றும் தில்லை மரபு சொல்லும்.

கூரை நம்மிடம் இரண்டு உணர்வுகளைச் சுமந்து நிற்கிறது. ஒன்று, காப்பு. 'ஒரே கூரையின் கீழ்', 'தலைக்கு மேல் ஒரு கூரை' என்கிறோம். மற்றது, வறுமையும் அதன் ஆபத்தும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். கீற்றுக் கூரையே தீயைப் பரப்பியது. அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. இந்தச் செய்திகளை வாசிக்கும் தமிழருக்குக் 'கூரை' என்ற சொல் வெறும் கட்டடப் பகுதி அல்ல. இப்படிப்பட்ட சொல்லை, பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் நான்காம் மாடியில் மின்விசிறி தொங்கும் வெள்ளைப் பரப்புக்குச் சூட்டினால் அது பொருந்தி வருவதில்லை. நான்காம் மாடியில் இருப்பவருக்கு மேலே கூரையே கிடையாது. மேலே இருப்பது ஐந்தாம் மாடிக்காரரின் தரை.

'உட்கூரை' என்ற தொகைச்சொல் ஓரளவு விளக்கமானது. ஆனால் சாய்ந்த கூரையின் உட்புறத்துக்கே அது இயல்பாகப் பொருந்துகிறது. தட்டையான தளத்துக்குச் சொன்னால் அகராதிக்காகச் செய்த சொல் என்பது காதில் விழுந்தவுடனே தெரிந்துவிடுகிறது. எந்தத் தாயும் பிள்ளையிடம், "உட்கூரையில் பல்லி பார்" என்று சொல்லிக் கேட்டதில்லை.

விட்டம், உத்தரம், மோட்டுவளை

கூரை வீட்டிலும் ஓட்டு வீட்டிலும் படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் தெரிவது பரப்பு அல்ல, மரம். சுவருக்குச் சுவர் குறுக்கே கிடப்பது விட்டம் அல்லது உத்தரம். உச்சியில் நீளவாட்டில் ஓடுவது முகட்டு வளை, மோட்டுவளை. அதிலிருந்து இருபுறமும் சரிவாக இறங்குவன கைமரங்கள். கைமரங்களின் மேல் வரிச்சு அல்லது ரீப்பர். அதன்மேல் ஓடோ கீற்றோ. கூரை இறங்கி முடியும் விளிம்பின் உட்பக்கம் எரவாணம். கடிதம், அரிவாள், வெற்றிலைப் பை என்று எதையும் அங்கே செருகி வைப்பார்கள்.

ஆங்கிலத்தில் வேலையில்லாதவன் சீலிங்கை வெறிக்கிறான். தமிழில் அவன், "மோட்டுவளையைப் பாத்துக்கிட்டுக் கெடக்கான்", அல்லது "விட்டத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்". பழைய சிறுகதைகளில் தூக்கம் வராத கதாநாயகன் செய்வதும் இதுவே. மோடு என்றால் உயரம், மேடு. வளை என்றால் உத்தரம். தமிழன் பரப்பைப் பார்க்கவில்லை, அதைத் தாங்கும் கட்டையைப் பார்த்தான். அதற்குப் பெயர் வைத்தான்.

நம் அண்டை மொழிகளிலும் இதே பார்வை உண்டு என்பது வெளி மாநிலத்தில் வாழும் நமக்குக் கூடுதல் சுவை. கொல்கத்தாவில் வாழும் நம்மவர்கள் வங்காளிகள் 'கொடிகாட் கோனா' என்று சொல்வதைக் கேட்டிருப்பார்கள். உத்தரக் கட்டைகளை எண்ணுவது என்று பொருள். சும்மா படுத்துக் கிடப்பவனைக் குறிக்கும். மலையாளத்தில், உத்தரத்தில் இருப்பதை எடுக்கவும் வேண்டும், கக்கத்தில் இருப்பது விழவும் கூடாது என்று ஒரு பழமொழி வழங்குகிறது. இரண்டு பக்கமும் ஆதாயம் தேடுகிறவனைக் கேலி செய்வது அது. அங்கும் கை மேலே போய்த் தொடுவது உத்தரத்தைத்தான்.

'உத்தரம்' வடசொல். மேலுள்ளது, பின்வருவது, வடதிசை, மறுமொழி ஆகிய எல்லாப் பொருளும் அதற்கு உண்டு. உத்தரப் பிரதேசத்தில் வேலை பார்க்கும் தமிழர் ஒருவர் கேள்விக்கு உத்தரம் தேடி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். சொல் ஒன்றே. 'விட்டம்' இதைவிடச் சுவையானது. தமிழ்வழிக் கணக்குப் பாடத்தில் வட்டத்தின் நடுவே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்லும் கோட்டுக்கு விட்டம் என்றே பெயர். வீட்டின் குறுக்கே கிடக்கும் கட்டைக்கும் வட்டத்தின் குறுக்கே கிடக்கும் கோட்டுக்கும் ஒரே பெயர். அதுபோல அரைவிட்டத்துக்குப் பெயர் ஆரம். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலும் அதுவே. வீட்டையும் வண்டியையும் அறிந்த பிள்ளைக்கு வடிவியல் அந்நியமாக இருக்காது. நம் பிள்ளைகள் ஆங்கில வழியில் கணக்குப் படிப்பதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தத் தொடர்பை ஒரு முறையாவது அவர்களுக்குக் காட்டலாமே.

மச்சு: தட்டையான மேல்

மச்சு என்பது வேறு வகைக் கட்டடத்தின் சொல். ஓட்டுக்குக் கீழே பலகை பரப்பித் தட்டையாக அடைத்தால் அது மச்சு. அதன்மேல் தானியமோ பழைய பாத்திரமோ வைக்கலாம். மேலே சுண்ணாம்புக் காரை போட்டு இறுக்கினால் மச்சு வீடு. மலையாளிகள் இன்றும் பலகை அடைத்த சீலிங்கை 'மச்சு' என்றே சொல்கிறார்கள். ஆக, பாட்டி சொன்ன விடை ஒரு வட்டார வழக்கு மட்டுமல்ல. இரண்டு மொழிகளுக்குப் பொதுவான, உயிருள்ள சொல்.

சென்னையிலும் பிற ஊர்களிலும் உள்ள பழைய வீடுகளில் காணும் 'மெட்ராஸ் டெரஸ்' இந்த மச்சின் வளர்ந்த வடிவம். தேக்கு உத்தரங்களை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தால் கட்டுவார்கள். மேலே செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து இறுக்கி, தட்டோடு பதிப்பார்கள். உள்ளிருந்து பார்த்தால் உத்தரங்களும் இடையே செங்கல் வரிசையும் தெரியும். இதன் மேற்புறத்துக்கு ஊருக்கொரு பெயர்: மொட்டை மாடி, மட்டப்பா, தட்டட்டி. தென்மாவட்டங்களில் மாடி வீட்டுக்கு 'மெத்தை வீடு' என்றும் பெயர். இரவில் பாய் விரித்துப் படுப்பது மேற்புறம். பகலில் பல்லி ஓடுவது கீழ்ப்புறம். மச்சு என்னும் சொல் இரண்டையும் சேர்த்தே சொன்னது.

இந்தி பேசும் ஊர்களில் வளரும் பிள்ளைகளுக்கு இந்த இரட்டைப் பொருள் புதிதாக இராது. 'சத்' என்ற இந்திச் சொல் மொட்டை மாடிக்கும் வரும், மின்விசிறி தொங்கும் இடத்துக்கும் வரும். மராத்தியில் மட்டும் உட்புறத்துக்குத் தனியாகத் 'தக்தபோசி' என்ற சொல் உண்டு. பலகையால் மூடுதல் என்னும் பாரசீகப் பொருளில் வந்தது அது. பழைய வாடா வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பலகை வேலைப்பாடு நினைவிருக்கும். அதைத் தமிழில் மச்சு என்று சொன்னால் ஒரு குறையும் இல்லை.

மச்சுக்குப் பின்னால் ஒரு கசப்பான சமூக வரலாறும் உண்டு. யார் எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதைப் பணம் மட்டும் தீர்மானிக்கவில்லை. கொங்கு நாட்டுச் சோழர் காலக் கல்வெட்டுகளில் கம்மாளர்கள் தங்கள் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்பது அரசன் அளித்த சலுகையாகவே பொறிக்கப்பட்டிருக்கிறது. கோயிலைக் கட்டியவர் தம் வீட்டுக்குச் சாந்து பூச அரசாணை வேண்டியிருந்தது! 19-ஆம் நூற்றாண்டுத் தென் திருவிதாங்கூரில் நாடார் மக்கள் மாடி வைத்து வீடு கட்டத் தடை இருந்ததைச் சமூக வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன. 'மச்சு வீட்டுக்காரர்' என்ற அடைமொழியில் மரியாதையோடு இந்த வரலாறும் ஒட்டியிருக்கிறது. சொல்லாய்வு செய்பவர் இதைப் பேசாமல் போவது நேர்மை ஆகாது.

விதானம்: விரிந்தது

இனி 'விதானம்'. வடமொழியில் 'தன்' என்னும் வேரோடு 'வி' சேர்ந்து 'விரித்தது' என்ற பொருளில் வந்த சொல். முதற்பொருள் துணி. மேலே விரித்துக் கட்டும் துணி. தமிழில் இதற்கு நேரான சொல் 'மேற்கட்டி'. சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடலில் கண்ணகியின் திருமணப் பந்தலில் நீல நிற விதானம் கட்டியிருக்கிறது. திருப்பாவையின் 26-ஆம் பாசுரத்தில் நோன்புக்கு வேண்டிய பொருள்களாகச் சங்கு, பறை, பல்லாண்டு பாடுவோர், விளக்கு, கொடி என்ற வரிசையில் கடைசியாக விதானமும் கேட்கிறாள் ஆண்டாள். மார்கழிப் பனி தலையில் இறங்காமல் இருக்க வேண்டுமே! நம் சங்க அரங்குகளில் ஆண்டுதோறும் இதைப் பாடுகிற பிள்ளைகளுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே நாவில் இருக்கிறது, பொருள்தான் சொல்லப்படவில்லை.

துணியாக இருந்த விதானம் எப்படி அறையின் மேற்பரப்புக்குப் பெயரானது? இதற்கு விடை நம் ஓவியங்களில் இருக்கிறது. புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசல் குகைக்கோயிலில் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓவியம், முன்மண்டபத்தின் மேற்பரப்பில் ஒரு தாமரைக் குளமாக விரிகிறது. மீன், யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர்கள் எல்லாம் நம் தலைக்கு மேலே நீந்துகின்றன, நிற்கின்றன. கருவறையின் மேற்பரப்பில் ஓவியர் தீட்டியது ஒரு துணி விரிப்பின் கோலம். கல்லின் மேல் துணியை வரைந்தார்கள். கல் விதானம் ஆயிற்று. திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தில் முசுகுந்தன் கதை மேற்பரப்பில் பட்டை பட்டையாக ஓடுகிறது. பெங்களூரு, ஐதராபாத் அன்பர்கள் எளிதாகப் போய்வரக்கூடிய லேபாட்சி வீரபத்திரர் கோயிலில் விசயநகர காலத்து விதான ஓவியங்கள் கழுத்து வலிக்கும்வரை பார்க்கக் கிடைக்கின்றன. இவற்றையெல்லாம் 'கூரை ஓவியம்' என்று சிலர் எழுதுகிறார்கள். கூரையின் மேல் வரைந்ததோ என்று ஐயம் தருகிறது. 'விதான ஓவியம்' என்பதே சரியான வழக்கு.

துணி மரபும் அற்றுப்போகவில்லை. தஞ்சை வட்டாரத்துக் கருப்பூர்க் கலம்காரிக் கைவினைஞர்கள் தேருக்கும் மண்டபத்துக்கும் எழுதித் தரும் மேற்கட்டித் துணிக்கு 'அஸ்மானகிரி' என்று பெயர். ஆஸ்மான் என்றால் பாரசீகத்தில் வானம், இந்தியிலும் அதுவே. 2021-இல் கருப்பூர்க் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வானத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல் காவிரிக் கரைத் தேரில் தொங்குகிறது என்பது நம் மொழியின் விருந்தோம்பலுக்கு ஒரு சான்று.

விதானத்தின் உச்சம் நெடுநல்வாடையில் இருக்கிறது. அரசன் போர்ப் பாசறையில். அரசி அரண்மனையில் உறக்கமின்றி. அவள் கட்டிலுக்கு மேலே மெழுகு பூசிய துணி மேற்கட்டி. அதில் மேடம் முதலான இராசிகளின் நடுவே ஞாயிறும், உரோகிணியை விட்டுப் பிரியாத திங்களும் எழுதப்பட்டிருக்கின்றன. பிரியாதிருக்கும் உரோகிணியை அவள் பார்க்கிறாள். பெருமூச்சு விடுகிறாள். கண்ணில் நீர் துளிக்கிறது. நக்கீரர் இதற்குமேல் விளக்கவில்லை; விளக்க வேண்டியதும் இல்லை. இந்தக் காட்சியை 'சீலிங்கைப் பார்த்தாள்' என்றோ 'கூரையைப் பார்த்தாள்' என்றோ ஒருவர் மொழிபெயர்த்தால் பாட்டின் உயிர் போய்விடும். அவள் பார்ப்பது மேற்கட்டியை; அதாவது தன்னை நோக்கி ஒரு கதையை விரித்துக் காட்டும் துணியை.

விதானம் வடசொல், அதை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தனித்தமிழ் அன்பர்கள் கேட்கலாம். கேட்கட்டும், நியாயமான கேள்விதான். மேற்கட்டி துணிக்கு மட்டும் நின்றுவிட்டது. விதானம் துணியிலிருந்து கல்லுக்கும், கல்லிலிருந்து சுதைக்கும் வந்து பொருள் விரிந்திருக்கிறது. சிலம்பிலும் திருப்பாவையிலும் குடியேறிவிட்ட சொல்லை நாம் வெளியேற்றுவது, குடியேறி வாழும் நமக்கு அழகா என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

உச்சவரம்பும் கண்ணாடிக் கூரையும்

'சீலிங்' என்னும் ஆங்கிலச் சொல் வீட்டை விட்டுச் சட்டத்துக்குப் போனபோது தமிழ் என்ன செய்தது என்று பார்ப்போம். 1961-இல் சென்னை மாநிலம் நில உடைமைக்கு எல்லை விதித்துச் சட்டம் இயற்றியது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்பது அளவு. 1970-இல் அது 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டது. இதை 'நிலக் கூரைச் சட்டம்' என்று யாரும் எழுதவில்லை. 'நில உச்சவரம்பு' என்றார்கள். வரம்பு என்றால் எல்லை. வயலின் வரப்பும் அதுவே. வரப்பு உயர்ந்தால் அரசன் உயர்வான் என்று ஔவை வாழ்த்தியதாகச் சொல்லும் செய்தியை நாம் அறிவோம். ஆங்கிலேயனுக்கு எல்லை தலைக்கு மேலே இருக்கிறது. உழவனுக்கு எல்லை காலடியில், வயலின் ஓரத்தில் இருக்கிறது. நிலத்தைப் பற்றிய சட்டத்துக்கு வயலிலிருந்தே சொல் எடுத்தது எவ்வளவு பொருத்தம்! சொல்லைப் பெயர்க்காமல் பொருளைப் பெயர்த்த நல்ல மொழியாக்கத்துக்கு இதை எடுத்துக்காட்டாக வைக்கலாம். 'கடன் உச்சவரம்பு', 'விலை உச்சவரம்பு' என்று அது பல்கிப் பெருகியதே அதன் வெற்றி.

இதற்கு நேர்மாறானது 'கண்ணாடிக் கூரை'. அலுவலகங்களில் பெண்கள் ஒரு நிலைக்கு மேல் உயர முடியாதபடி கண்ணுக்குத் தெரியாமல் தடுக்கும் தடையை மேரிலின் லோடன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1978-இல் 'கண்ணாடி சீலிங்' என்று குறிப்பிட்டார். 1986-இல் ஒரு நாளிதழ்க் கட்டுரையால் அது பரவியது. தமிழில் அப்படியே 'கண்ணாடிக் கூரை' ஆக்கிவிட்டோம். 'கண்ணாடிக் கூரையை உடைத்த பெண்மணி' என்று பாராட்டுரைகளில் வாசிக்கிறோம். தமிழில் கூரை காப்பது என்று மேலே கண்டோம். அதை உடைப்பவர் தம் வீட்டை மழைக்குத் திறந்துவிடுகிறவர், அல்லது பிறர் வீட்டில் கல்லெறிகிறவர். ஆங்கிலத்தில் காப்பது ஒரு சொல், தடுப்பது வேறு சொல். இரண்டையும் 'கூரை'க்குள் அடைத்ததால் பாராட்டு, பழி போல ஒலிக்கிறது. 'கண்ணாடித் தடை' என்றோ 'காணாத் தடை' என்றோ சொன்னால் எந்தப் பாட்டிக்கும் புரியும். நம் வீடுகளிலிருந்து வேலைக்குப் போகும் பெண்களின் உண்மையான துன்பத்தைச் சொல்ல வந்த தொடர், அவர்கள் தாய்க்குப் புரியும்படி இருக்க வேண்டாமா?

'மேற்கூரை' செய்யும் குழப்பம்

கடைசியாக, நாளிதழ்களில் அடிக்கடி காணும் ஒரு தொடர்: 'பள்ளியின் மேற்கூரை பெயர்ந்து விழுந்தது.' மேற்கூரை என்று ஒன்று இருந்தால் கீழ்க்கூரை எது என்ற கேள்வி இருக்கட்டும். விழுந்தது எது? பெரும்பாலும் விழுவது தளத்தின் அடிப்பூச்சு. மழைநீர் கசிந்து உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு, கம்பியைவிட அதிக இடத்தை அடைக்கும். அது அழுத்தும்போது கம்பிக்குக் கீழேயுள்ள கான்கிரீட்டும் சாந்தும் வெடித்துப் பாளமாக விழும். தளம் அப்படியே நிற்கும். முழுத் தளமும் சரிந்து விழுவது முற்றிலும் வேறு விபத்து. முதலாவது பராமரிப்பில் நேர்ந்த குறை. இரண்டாவது கட்டுமானத்திலேயே நேர்ந்த குறை. இரண்டிலும் குழந்தைகளுக்கு ஆபத்து உண்டு. ஆனால் யார் பொறுப்பு, என்ன மருந்து என்பது வேறு. இரண்டையும் 'மேற்கூரை விழுந்தது' என்று எழுதினால் வாசகருக்கு எது நடந்தது என்றே தெரியாமல் போகிறது.

கொத்தனார்கள் இவ்விஷயத்தில் நம்மைவிடத் தெளிவு. "சீலிங் பூச்சு முடிஞ்சாச்சு, இனிமே சுவர்ப் பூச்சுதான்" என்பார்கள். தளம் வேறு, அதன் அடிப்பக்கம் வேறு என்பது அவர்கள் பேச்சிலேயே இருக்கிறது. சொல்தான் ஆங்கிலம். தேசியக் கட்டட விதித் தொகுப்பு, வாழும் அறையின் உயரம் தரையிலிருந்து குறைந்தது 2.75 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. அது தளத்தின் அடிப்பக்கம் வரையிலான அளவு. தமிழில் 'கூரை வரை' என்று எழுதினால் தளத்தின் கனமும் அதில் சேருமா, சேராதா என்று வழக்காடலாம். வீடு வாங்குபவருக்கு அந்த ஐந்து அங்குலம் சிறிதல்ல. 'தளத்தின் அடிப்பக்கம் வரை' என்றோ 'விதானம் வரை' என்றோ எழுதினால் வழக்கே இல்லை.

முடிவாகச் சில கருத்துகள்

ஞாயிறு வகுப்பில் கேட்ட பிள்ளைக்கு என்ன சொல்லலாம்? என் பரிந்துரை இது. படத்தில் இருப்பது கோயிலோ அரண்மனையோ அழகிய மண்டபமோ என்றால் விதானம். பலகையோ உத்தரமோ தெரியும் பழைய வீடு என்றால் மச்சு. ஓட்டு வீட்டில் படுத்துக்கொண்டு பார்ப்பவன் பார்ப்பது மோட்டுவளை. நாம் இப்போது வாழும் அடுக்ககத்து அறைக்கு விதானம் என்றே சொல்லலாம். 'விதான விசிறி', 'விதானப் பூச்சு' என்று பழகினால் ஒரு வருடத்தில் காதுக்கு இயல்பாகிவிடும். விளக்குகளை மறைத்து அலங்காரமாகக் கீழே தொங்கவிடும் 'ஃபால்ஸ் சீலிங்' இருக்கிறதே, அதுதான் உண்மையில் பழைய மேற்கட்டியின் மறுபிறவி. அன்று பட்டு, இன்று ஜிப்சம் பலகை. சட்டத்துக்கு உச்சவரம்பு. பெண்களின் தடைக்குத் தடை என்றே பெயர். கூரையைக் கூரைக்கே விட்டுவிடுவோம்.

ஒரு பொருளுக்கு ஒரே சொல் இருப்பது வசதி என்று நினைக்கிறோம். வசதிதான். ஆனால் ஊரை விட்டு வந்த குடும்பத்தில் முதலில் உதிர்வன இப்படிப்பட்ட நுணுக்கச் சொற்களே. 'அம்மா', 'சோறு', 'தண்ணீர்' ஆகியவை மூன்று தலைமுறைக்கு நிற்கும். எரவாணமும் கைமரமும் மோட்டுவளையும் ஒரே தலைமுறையில் போய்விடும். ஏனெனில் அந்த வீடு நம்மோடு ரயிலேறி வரவில்லை. வீட்டைக் கொண்டுவர முடியாது. சொல்லைக் கொண்டுவரலாம். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, ஓட்டு வீடு ஒன்று இன்னும் நின்றால், பிள்ளைகளை அதில் பாய் விரித்துப் படுக்கச் சொல்லி, மேலே தெரியும் ஒவ்வொரு கட்டைக்கும் பாட்டி வாயால் பெயர் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். அந்தத் தாள் நம் அகராதிகள் விட்டுவிட்ட ஒரு பக்கமாக இருக்கும்.